சாத்திய அறையும் செம்புத் தவலையும்

ஆஸ்பத்திரியில் இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்தால்தான் பேய் பிடிக்கும். எங்கள் எஸ்டேட்டில் அந்த மழைக்காலம் முழுக்க என்னைப் பற்றி நடந்த பேச்சு இதுதான். இப்போது யோசித்தால் அதில் பாதி சரி என்றே படுகிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் பம்பு ஸ்டவ் வைத்திருக்கிற யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தால் எனக்கு அது போதும்.

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் ஃபாக்டரி ரைட்டராக, கணக்கெழுதுகிற வேலையில் இருந்தார். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குச் சற்று மேலே எங்கள் குவார்ட்டர்ஸ். முன்னறை, உள்ளறை, பின்பக்கம் புகைபோக்கி வைத்த அடுப்படி. உள்ளறைக்கு ஒரே ஜன்னல், அதற்கு உள்பக்கமாகத் திறக்கும் இரண்டு மரக்கதவுகள். எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகாமல் மலையிலேயே இருந்துவிட்டேன். பிரசவம் பார்க்க எஸ்டேட் மிட்வைஃப் வந்தாள். பிள்ளை பெற்ற பின் என்னைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா, சவுந்தரம் மைனி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள்.

மைனியைப் பற்றிக் குறையாகச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சிறுவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். தம்பிதான் அவளுக்குப் பிள்ளை. ஆனால் தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு எங்கள் மலையில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பெரிய அதிர்ச்சி. வாசல் கதவைத் திறந்தால் மஞ்சு என்கிற மூடுபனி வீட்டுக்குள் நடந்து வரும், அடுத்த அறையில் இருக்கிற ஆள் தெரியாது. வந்த அன்றே அவள் உள்ளறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏளா கிரேசு, இந்தப் பொந்து வழியாக் காத்து வருதே, ஒனக்குத் தெரியலையா?"

"அது குளிக்கிற தண்ணி போறதுக்கு வச்சது மைனி."

"தண்ணி போகும், காத்து வரும். பிள்ளை பெத்த ஒடம்புல காத்து ஏறுச்சுன்னா சாகுற வரைக்கும் எறங்காது."

அப்புறம் அவள் வேலையைத் தொடங்கினாள். ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொண்டி போட்டு, இடுக்குகளில் தேயிலைச் சாக்கைக் கிழித்துத் திணித்தாள். தண்ணீர் போகும் பொந்தில் பழைய துணியை அடைத்தாள். கதவுக்கு அடியில் இன்னொரு சாக்கு. ஒரு ஓட்டை விடாமல் அடைத்து முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "இப்பம்தான் இது பேறுகால வீடு மாதிரி இருக்கு," என்றாள். அவள் ஊரில் ஓலைக்கூரை. நீங்கள் கதவைச் சாத்தினாலும் கூரை மூச்சு விடும். இங்கே மேலே தகரம், அதற்குக் கீழே பலகை, சுவர் கருங்கல். அந்த வித்தியாசம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது வேது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் இன்னும் என்னென்னவோ இலைகளும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றுவதற்குப் பெயர் வேது. தண்ணீர் நன்றாகக் கொதித்து இலையின் சாறு இறங்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மைனி அதற்கென்றே தன் கல்யாணச் சீரில் வந்த செம்புத் தவலையைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அடி உருண்ட தவலை. மூன்று கல் அடுப்பில் பாந்தமாக உட்காரும்.

ஆனால் எங்கள் அடுப்படியில் விறகு ஈரம். ஊதி ஊதி அவள் கண்தான் வீங்கியது. அந்த நேரத்தில்தான் அவர் மூணாறு கடைவீதியிலிருந்து பித்தளைப் பம்பு ஸ்டவ் ஒன்று வாங்கி வந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் முதல் ஸ்டவ் அது. அதன் இரைச்சலைக் கேட்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பின் போட்டுக் குத்தி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்பு அடித்தால் நீல நிறத்தில் கிரீடம் மாதிரி எரியும். கடைக்காரர் சொல்லிவிட்டதையே அவரும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: புகையே கிடையாது.

புகை கிடையாது என்ற அந்தச் சொல்தான் எங்களை ஏமாற்றியது. புகைகிற அடுப்பை யாரும் படுக்கிற அறையில் வைக்கமாட்டார்கள். இது புகையாத அடுப்பு. ஆகவே மைனி அதைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் செம்புத் தவலையை ஏற்றினாள். நான் குளிருக்குள் அடுப்படி வரை நடக்க வேண்டாம், அறையும் கதகதப்பாக இருக்கும், ஒரே மண்ணெண்ணெயில் இரண்டு வேலை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

காலையில் தவலையை ஏற்றிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போவாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, கால் நீவி, மூக்கு நீவி, குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி முடிய ரொம்ப நேரம் ஆகும். அதுவரை நானும் தவலையும் அந்தச் சாத்திய அறைக்குள். தவலையின் உருண்டை அடி ஸ்டவ்வின் மூன்று கம்பிக்கும் நடுவே இறங்கி பர்னர் தலையிலேயே உட்கார்ந்துவிடும். நீலத் தீ நெரிபட்டு, மஞ்சளாகி, பக்கவாட்டில் நாக்கை நீட்டும். அதையும் நான் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். மஞ்சள் தீ அழகாக, விளக்கு வெளிச்சம் மாதிரி இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதலில் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ துணியை வைத்து இறுக்குவது மாதிரி. பிறகு குமட்டல். எழுந்தால் கால் துவளும், காதுக்குள் இரைச்சல். பிள்ளை பெற்ற பலவீனம் என்றார்கள். முகம் மட்டும் சிவந்து கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், நல்ல கவனிப்பு, முகம் எப்படிச் செவந்து களையாக இருக்கிறது பார் என்று மைனியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அற்புதம். நல்ல மனசு, வாய் மட்டும் நிற்காது. பிள்ளைக்கு ஒரு குல்லா பின்னிக்கொண்டு வந்தவள், அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மைனியிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"இந்த ரூம்லயா படுக்க வச்சிருக்கீய? முன்னால இருந்த ரைட்டர் சம்சாரம் மரகதம் இதுலதான செத்தா. பிள்ளை பெத்து ஒடம்பு தேறி வந்தவ. விடிஞ்சு பாத்தா அவளும் போயிட்டா, பிள்ளையும் போயிட்டு."

"பிள்ளை பெத்தவ காதுல விழுற மாதிரி இதையா பேசுத?" என்று மைனி அவளை விரட்டினாள். ஆனால் அன்றைக்கே என் தலைமாட்டில் ஒரு வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கால்மாட்டில் விளக்குமாறும் வைத்தாள். எது வேலை செய்யும் என்று அவளுக்கு நிச்சயமில்லை போலிருக்கிறது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து நான் அவளைப் பார்த்தேன்.

பகல் வேளை. தவலை கொதித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க நொச்சி வாசம். நான் தூங்கவில்லை, அது நிச்சயம். ஜன்னலோரம் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி நின்றாள். தலையை அள்ளி முடிந்திருந்தாள். ஒரு கை ஜன்னல் கொண்டியின் மேல் இருந்தது. அவள் திரும்பவில்லை, ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை, கை அசையவில்லை. மைனி குளிக்க வைக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் இல்லை. நான் எழுந்து நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்து விழுந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போன பெண். எங்கள் வீட்டில் பேய்க்கதை சொன்னால் அப்பா அடிப்பார். அதனால் அவளைப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. நான் விழுந்ததைப் பார்த்து என்னையும் பிள்ளையையும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மலைச்சரிவில் ஓடு போட்ட நீளக் கட்டிடம். பெண்கள் வார்டில் இரும்புக் கட்டில்கள், உயரமான ஜன்னல்கள், எல்லாமே திறந்து கிடந்தன. டாக்டர் கோட்டயத்துக்காரர், பேசுவதில் பாதி மலையாளம். நர்ஸ் ஏலியம்மாவும் அப்படித்தான், ஆனால் வெகுகாலம் எங்கள் ஆட்களோடு பழகியதால் தமிழில் திட்ட நன்றாகத் தெரியும். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், மலேரியா இருக்கிறதா என்று பார்க்க. கையில் ஊசி குத்தி இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள், டைபாய்டு சோதனைக்கு. பிரசவத்துக்குப் பின் உள்ளே சீழ் பிடித்தால் ஜுரம் வருமாம், அதற்காக வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்கு ஜுரமே இல்லை. சாயங்காலத்துக்குள் தலைவலி இறங்கியது, மறுநாள் கஞ்சி கேட்டேன். சில நாளில் டாக்டர், இளைப்புதான், சத்துள்ள சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் மைனி ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் காத்திருந்தாள். விட்டுப்போன வேதுக்கும் சேர்த்து இன்னும் அதிக நேரம் தண்ணீர் கொதித்தது.

இரண்டாவது முறை நான் தாங்கவில்லை. அவள் அதே ஜன்னலோரம், அதே கொண்டியில் கை. இந்தத் தடவை நான் ஜன்னலைக் காட்டி, அவ நிக்கா என்று கத்தினேன் என்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைனி ஓடி வர, நான் எழுந்துபோய் அந்தப் பிள்ளையைப் பிடுங்கி, "இது என் பிள்ளை, ஒன் பிள்ளை செத்துப்போச்சு," என்று மைனியைப் பார்த்துச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. முன்னறையில் உபதேசியாரும் சபைக்காரர்களும் ஜெபம் பண்ணியது மங்கலாக நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் அவர்களோடு முன்னறையில் கிடந்ததால் எனக்குத் தெளிவு வந்தது. ஜெபத்தால் வந்தது என்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மறுபடி உள்ளறையில் கொண்டு படுக்க வைத்தார்கள், தெளிவு மறுபடி போயிற்று. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் இப்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வை வேறு. டாக்டர் என்னைக் குனிந்து உட்காரச் சொல்லி, முதுகெலும்பின் இடுக்கில் நீண்ட ஊசி போட்டுத் துளித்துளியாகத் தண்ணீர் எடுத்தார். மூளையைச் சுற்றி இருக்கிற நீர் முதுகு வரை வருமாம், மூளைக்காய்ச்சல் என்றால் அது கலங்கியிருக்குமாம். தெளிவாக இருந்தது. கலங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் அடுத்து அவர்கள் சொன்ன பெயர் பிரசவ சன்னி. பிள்ளை பெற்ற சில பெண்களுக்குப் புத்தி பிறழும், இல்லாததைப் பார்ப்பார்கள், சில சமயம் பெற்ற பிள்ளையையே ஏதாவது செய்துவிடுவார்கள். டாக்டர் இதை என் வீட்டுக்காரரிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கிற ஆஸ்பத்திரியில் எனக்குக் கேட்காமல் எங்கே போகும்?

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிரேசு, பிள்ளையை அக்கா வச்சிக்கிடட்டும். கொஞ்ச நாளைக்குத்தான்."

"நான் என்ன செஞ்சிருவேன்னு பயப்படுதீய?"

அவர் மைனியைக் கூப்பிட்டார். மைனி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அழுதபடியே போனாள். அழுதது எனக்காகத்தான், அதுவும் எனக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. என்மேலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. என் கையை நானே போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சிரமமாக இருக்கிறது. மார்பு கட்டிக்கொண்டு கல்லாகக் கனக்கும். ஏலியம்மா துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து ஒற்றி, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவாள். அங்கே என் பிள்ளை சங்கில் பசும்பால் குடிக்கிறது, இங்கே அதன் பால் சாக்கடையில் போகிறது. எதிர்க் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கொழுந்து கிள்ளுகிற பெண் தன் பங்கு ரொட்டியை எனக்கு அனுப்புவாள், கிட்டே மட்டும் வரமாட்டாள். ஆனாலும் என் தலை தெளிந்துகொண்டே வந்தது. இரைச்சல் போயிற்று, குமட்டல் போயிற்று. ஜன்னலோரம் ஒருத்தியும் நிற்கவில்லை. வெறும் மஞ்சு உள்ளே வந்து போயிற்று. டாக்டர் தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு ஒத்துவராதவர் போல நெற்றியைத் தடவுவார்.

"சன்னியாணெங்கில் இப்படி ரெண்டு திவசத்தில போகாது," என்று ஒரு நாள் தனக்குத்தானே சொன்னார். சன்னி என்றால் இரண்டு நாளில் தெளியாதாம்.

என் வீட்டுக்காரர் தினமும் ஃபாக்டரி முடிந்து வருவார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நன்றாகத் தூங்குகிறது என்பார். முன்னே மாதிரி அழுவதே இல்லை, சமர்த்தாக இருக்கிறது. அதைக் கேட்டு நான் நிம்மதிப்பட்டேன். இன்றைக்கும் நான் வெறுக்கிற வார்த்தை சமர்த்து என்பதுதான்.

மழை வலுத்த ஒரு பகலில் மைனி எனக்குச் சோறு கொண்டு வந்தாள். பிள்ளையைக் கொண்டு வரவில்லை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமும் சிவந்திருந்தது. சட்டென்று எழுந்து வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஏலியம்மா பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. மலைக்குளிரு ஒத்துக்கிடல," என்றாள் மைனி. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். "ஏளா, நீ சொன்னது பொய்யில்ல. நானும் பாத்தேன். ஜன்னல் கிட்ட நிக்கா."

டாக்டர் அப்போது பக்கத்துக் கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

"நிங்களும் கண்டோ? தலவேதனை உண்டா? இவங்களுக்கு வந்த அதே மாதிரி?"

மைனி தலையை ஆட்டினாள்.

"ஒரே சன்னி ரெண்டு பேருக்கு வராது. அந்த முறியில, அந்த ரூம்ல, என்ன இருக்கு? சொல்லுங்க. தீ உண்டா? கரி, கனல் ஏதாவது?"

"கரியெல்லாம் இல்லைங்கய்யா. சுத்தமான ஸ்டவ்வு. பொட்டுப் புகை வராது," என்றாள் மைனி பெருமையாக. "தவலையை அதுல ஏத்தி வச்சிருவேன். வென்னியும் ஆச்சு, பிள்ளைக்குக் கதகதப்பும் ஆச்சு."

"ஜன்னல்?"

"ஒரு பொட்டுக் காத்து நுழையாது. எல்லாத்தையும் சாக்கு வச்சு அடைச்சிருக்கேன்."

டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குழந்தை இப்போ எவிடே?"

"அந்த ரூம்லதான் தொட்டில்ல தூங்குது. குளிருமேன்னு ஸ்டவ்வைச் சின்னதா வச்சு, தவலையை ஏத்திட்டுத்தான் வந்தேன். அற்புதம் காவலுக்கு இருக்கா. அந்த ரூமுக்குள்ள போக அவளுக்குப் பயம், வாசல்ல உக்காந்திருக்கா."

டாக்டர் ஓடினார். வயிறு பெருத்த மனிதர், வெள்ளைக் கோட்டோடு மழையில் இறங்கி ஓடி, தன் ஜீப்பைக் கிளப்பியது கேட்டது. நான் பின்னால் ஓடினேன். ஏலியம்மா என்னை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். மைனிக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன தப்பு, என்ன தப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஏலியம்மா சொல்லிப் புரியவைத்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியாது. ஓட்டின்மேல் மழை கொட்டியது. நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். பிள்ளை சமர்த்தாகத் தூங்குகிறது என்ற ஒரே வாக்கியம்தான் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. பயம் என்றால் என்னவென்று அந்த ஜன்னலோரப் பெண்ணைப் பார்த்தபோது தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. அழாத பிள்ளையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பயம்.

ஜீப் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. அழுகைச் சத்தம். டாக்டர் நனைந்த கோட்டுக்குள் பிள்ளையைப் பொதிந்து வைத்திருந்தார், பின்னால் ஃபாக்டரியிலிருந்து செய்தி கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர். பிள்ளை துவண்டிருந்தது, உதடு ஒரு மாதிரிச் சிவந்திருந்தது, பால் கக்கியிருந்தது. ஆனால் அழுதது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, சின்னப் புனல் ஒன்றைப் பிள்ளையின் முகத்தருகே பிடித்தார்கள். சாயங்காலம் அதை என் மடியில் வைத்தார்கள். என் கையில் கொடுத்தார்கள் என்பதை நான் மறக்கமாட்டேன். பிள்ளை முட்டி மோதி மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு விளக்கினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தீ எரியக் காற்று வேண்டும். காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷக்காற்றை விடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது, இருமல் வராது. மூச்சில் போய் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ரத்தம் ஓடும், ஆனால் மூளைக்கு உயிர்க்காற்று போகாது. தலை வலிக்கும், குமட்டும், இல்லாதது தெரியும், கை கால் கேட்காது. பிறகு தூக்கம் வரும். முகம் மட்டும் சிவந்து அழகாக இருக்கும்.

அவரே ஸ்டவ்வையும் தவலையையும் எடுத்துவரச் சொல்லி வராந்தாவில் பற்ற வைத்துக் காட்டினார். தவலை இல்லாமல் நீலத் தீ. தவலையை ஏற்றினதும் அதன் உருண்டை அடி பர்னரை அமுக்கியது, தீ மஞ்சளாகித் திணறியது. அதே ஸ்டவ்வில் ஆஸ்பத்திரி அடுக்களையிலிருந்து தட்டையடிப் பாத்திரம் ஒன்றை வைத்தார். கம்பிகளின்மேல் நின்றது, கீழே இடைவெளி இருந்தது, தீ நீலமாகவே எரிந்தது. ஆகவே பம்பு ஸ்டவ்வானாலும் இனி வரப்போகிற எந்த அடுப்பானாலும் சகோதரிகளே, தட்டையடி வையுங்கள், அளவுக்கு மீறிப் பெரிதாக வேண்டாம், தீயை மூச்சுத் திணற வைக்காதீர்கள். மஞ்சள் தீ கண்டால் அணையுங்கள். படுக்கிற அறையில் அடுப்பு வேண்டவே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

பிள்ளை எப்படிப் பிழைத்தது என்று டாக்டருக்கே ஆச்சரியம். அவர் போய்ச் சேர்ந்தபோது உள்ளறை ஜன்னல் திறந்து கிடந்ததாம். சாக்குத்துண்டுகள் தரையில் கிடந்தன. மழைச்சாரல் தொட்டில் வரை வந்திருந்தது, ஸ்டவ் காற்றில் அணைந்திருந்தது. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த அற்புதம் ஏதோ படாரென்று அடித்த சத்தம் கேட்டு, உள்ளே போகாமல் கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"காற்றாணு," என்றார் டாக்டர். "இந்த மழைக்காற்று கொண்டியைத் தள்ளியிருக்கும்."

அப்படித்தான் இருக்கும். நானும் அதைத்தான் நம்புகிறேன். நான் பார்த்ததும் மைனி பார்த்ததும் விஷக்காற்றின் வேலை. அற்புதம் சொன்ன கதை எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது, திணறிய மூளை அதற்கு உருவம் கொடுத்தது. டாக்டர் அப்படித்தான் சொன்னார், எனக்கும் அதில் சந்தேகமில்லை.

ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் பால் கட்டியிருந்த என் மார்பைப் பார்க்க வந்த ஏலியம்மாவிடம் மரகதத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொண்டு வந்தப்போ ரெண்டு பேரும் ஆறிப்போயிருந்தாங்க. ஒண்ணும் செய்ய முடியல்ல. கட்டிலுக்கு அடியில சட்டி நெறய கரிக்கனல் வச்சிருந்ததாயிட்டுச் சொன்னாங்க. குளிருக்கு. அன்னிக்கு இந்த டாக்டர் இல்ல. அதுதான் காரணம்னு ஆரும் நினைக்கல்ல. முகம் ரெண்டு பேருக்கும் நல்ல செவப்பு. தூங்குற மாதிரி."

"ஜன்னல்?"

"சாத்தியிருந்தது. அவ ஜன்னலுக்குக் கீழதான் கிடந்தாளாம். எழும்பிப் போயிருக்கா, பாவம். கொண்டி எட்டல்ல."

நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மைனியிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் என்னால் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்க முடியாது.

வீட்டுக்குப் போனபோது ஸ்டவ் அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, மேடையில் இருந்தது. அதன்மேல் அவர் புதிதாக வாங்கிய தட்டையடி அலுமினியப் பாத்திரம். செம்புத் தவலை கொல்லையில் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் ஒரு சாக்குத்துண்டுகூட இல்லை. ஜன்னலின் இரண்டு கதவும் விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி இரண்டையும் மைனி சுவராணியில் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தாள். மஞ்சு உள்ளே வந்து தொட்டிலைச் சுற்றி நின்றது.

"மைனி, பிள்ளைக்குக் குளிரும். பாதியாவது சாத்தலாமே," என்றேன்.

காற்று என்றாலே பதறுகிற அந்த மனுஷி தன் சேலைத்தலைப்பால் காதை மூடிக்கொண்டு, பிள்ளையை இன்னொரு கம்பளியில் சுற்றித் தொட்டிலில் போட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"தொறந்தே கெடக்கட்டும் கிரேசு," என்றாள். "அவ வந்து பிள்ளையைப் பாத்துட்டுப் போட்டும்."